நாற்பது விநாடி தட்டும், இருபது விநாடி ஓயும்

டொக்... டொக்... டொக்...

கண்டக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசல் கதவைப் பார்த்தார்.

"மேடம், யாரோ கதவைத் தட்டறாங்க. அதுவும் நம்ம கதவை! தேதியைக் குறிச்சு வெச்சுக்கட்டுமா?"

"கதவு இல்ல கண்டக்டர், போன். கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் ஆப்பரேட்டரம்மா.

மேசை மேல் செல்போன் கிடந்தது. எதிரே இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். போனில் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய அப்பாவின் குரல். "சாப்பிட்டியாம்மா? நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். இன்னும் ரெண்டு ஊர் தாண்டணும். வண்டி பட்டு மாதிரி ஓடுது. உடம்பைப் பாத்துக்க." அந்தக் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அந்தத் தட்டல்.

ஆப்பரேட்டரம்மா முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவர். ஊர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஆள் மூச்சு விடுவதை வைத்தே பொய்யா நிஜமா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் மாடியில் ஒரு அறை பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். கண்டக்டர் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஏதோ காணாமல்போன குடைக்காக இங்கே விசாரிக்க வந்தார். குடை கிடைத்த பிறகும் திரும்பிப் போகவில்லை. இருவர் வீட்டிலும் பேச ஆளில்லை. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. ஆபீஸை ஏழு மணிக்கு முன்னால் பூட்டியதும் இல்லை.

"முதல்லேருந்து சொல்லும்மா."

"எங்கப்பா வாடகைக் கார் ஓட்டறவர் மேடம். ஆறு வாரத்துக்கு முன்னாடி, வெளியூர்ல ஒரு கம்பெனி அதிகாரிகூட மூணு மாசம் சுத்தணும், அங்கேயே தங்கற மாதிரின்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனார். எந்த ஊர்னு டைப் பண்ணிக் கேட்டா, தினம் ஒரு ஊருன்னார். சாயங்காலமானா ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். பேசி முடிச்ச பிறகும் ரெண்டு மூணு நிமிஷம் எஞ்சின் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். நான் கூப்பிட்டா மட்டும் எடுக்கவே மாட்டார். கேட்டா, ஓட்டிக்கிட்டிருந்தேன்ம்பார்."

"ரொம்ப ஒழுக்கமான டிரைவர்" என்றார் கண்டக்டர். "எங்க பஸ்ல ஒருத்தன் இருந்தான். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே போன்ல பொண்டாட்டியோட சண்டை ஆரம்பிச்சு, கடைசி ஸ்டாப் வர்றதுக்குள்ள சமாதானமும் ஆயிடுவான்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் பயம் அது இல்ல சார். இந்தச் சத்தம்தான். எங்கப்பா வண்டியில ஒரு ஸ்க்ரூ ஆடினாக்கூடத் தாங்க மாட்டார். டேஷ்போர்டுக்குள்ள என்னமோ கிரீச்சுங்குதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதைப் பிரிச்சுப் போட்டார். கடைசில பாத்தா என் ஹேர்பின். அப்படிப்பட்ட மனுஷன், எஞ்சின் இப்படித் தட்டும்போது பட்டு மாதிரி ஓடுதுன்னு சொல்றார். 'ஏன்பா, எஞ்சின்ல சத்தம் வருதே'ன்னு டைப் பண்ணிக் கேட்டேன். 'ஒரு சத்தமும் இல்லையே'ங்கறார்." அவள் போனை ஆப்பரேட்டரம்மா பக்கம் தள்ளினாள். "யாரோ பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லி இவர் சொல்றாரோன்னு இருக்கு மேடம். போலீஸ்ல போய் நின்னேன். தினம் பேசற ஆளைக் காணாமப் போனவர்னு எப்படிம்மா எழுதறதுன்னு கேட்டுட்டாங்க."

"வீட்டுல வேற யாரு?"

"யாருமில்ல. அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு."

ஆப்பரேட்டரம்மா குறிப்பேட்டில் எதையோ எழுதினார். பிறகு, "எல்லா மெசேஜையும் என் போனுக்கு அனுப்பிட்டுப் போம்மா. நீ அவருக்கு அனுப்பினதையும் சேர்த்து" என்றார்.

*

மொத்தம் நாற்பத்தோரு மெசேஜ்.

பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆப்பரேட்டரம்மா கேட்க ஆரம்பித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. எதிரே கண்டக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதே மெசேஜ்களைத் தன் போனின் ஸ்பீக்கரில் போட்டுத் தட்டலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாப்பது விநாடி தட்டுது. இருபது விநாடி ஓயுது. மறுபடி நாப்பது. மேடம், எங்க டெப்போவுல ஒருத்தரும் இவ்வளவு ஒழுங்கா வேலை பாத்ததில்ல."

"எல்லாத்துலயுமா?"

"அஞ்சாறு எண்ணிட்டேன். எல்லாம் அதே கணக்கு."

"ஹாரன் சத்தம் ஏதாவது கேட்டீங்களா?"

கண்டக்டர் யோசித்தார். "இல்ல."

"பிரேக்கு? கியர் மாத்தறது? எதிர்ல ஒரு லாரி போற சத்தம்?"

"இல்ல." அவர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். "நாப்பத்தோரு நாள் ஹாரன் அடிக்காம ஒரு டிரைவரா! அவரைக் கண்டுபிடிச்சா முதல்ல கால்ல விழுந்துடறேன்."

அவர் கிளம்பிப் போனபிறகும் ஆப்பரேட்டரம்மா ஹெட்போனைக் கழற்றவில்லை. முக்கியமானதெல்லாம் குறிப்பெடுத்தாகிவிட்டது. இருந்தாலும் ஒரு மெசேஜை மறுபடி போட்டார். "சாப்பிட்டியாம்மா?" என்றது குரல், தேவைக்கு மேல் உரக்க. அவருடைய சொந்தப் போனில் அன்றைக்கு வந்திருந்தது, பேட்டரி கடைக்காரன் அனுப்பிய விளம்பரம் ஒன்றுதான். குரலை இன்னொரு தரம் கேட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

*

மறுநாள் காலை, அந்தப் பெண்ணின் அப்பா வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் ஷெட்டில் ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அந்தாளைப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க" என்றன கால்கள். "எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல."

"எங்களுக்கு ஆளைப் பத்தி வேண்டாம். வண்டியைப் பத்திப் போதும்" என்றார் ஆப்பரேட்டரம்மா.

மெக்கானிக் வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயது, முகத்தில் கிரீஸ், அதற்குக் கீழே கோபம். போனைக் காதருகே பிடித்து ஒரு மெசேஜை முழுக்கக் கேட்டார். நெற்றி சுருங்கியது. இன்னொன்று கேட்டார்.

"பேரிங்கா இருக்குமோ?" என்று கண்டக்டர் தனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டார்.

"பேரிங் தட்டுனா ஆக்சிலேட்டர் கூட்டக் கூட்டத் தட்டலும் கூடும். இங்க கூடவே இல்ல. பிஸ்டனா இருந்தா எஞ்சின் சூடானதும் அடங்கணும். இது அடங்கலை." அவர் போனைத் திருப்பித் தந்தார். "விட்டு விட்டு வருதே, அது ஏசி. ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும்போது எஞ்சின்மேல பாரம் ஏறும், அப்பத் தட்டுது. கம்ப்ரஸர் விட்டதும் நின்னுடுது. இருங்க, காட்டறேன்."

ஷெட்டில் நின்ற ஒரு காரை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டார். மூவரும் பானெட்டருகே நின்றார்கள். 'க்ளிக்' என்றது உள்ளே ஏதோ. எஞ்சின் லேசாக முனகியது. சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு 'க்ளிக்'. முனகல் நின்றது.

"தட்டற பாகம் எதுன்னு வண்டியைத் தொட்டாதான் சொல்ல முடியும். ஆனா காரணம் ஏசிதான்."

"எப்பவும் இதே கணக்கா வருமா? நாப்பது, இருபதுன்னு?" என்று கேட்டார் ஆப்பரேட்டரம்மா.

"ஓடற வண்டியில எப்படிம்மா வரும்? வேகம் மாறும், காத்து மாறும், கணக்கும் மாறும். ஒரே மாதிரி வரணும்னா..." மெக்கானிக் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். போனைப் பார்த்தார். "வண்டி நின்னுக்கிட்டு இருக்கணும்."

ஷெட்டின் தகரக் கூரையில் காகம் ஒன்று நடக்கும் சத்தம் கேட்டது.

"ஆக, இன்னும் ரெண்டு ஊர் தாண்டணும்னு சொல்ற மனுஷன்," என்றார் கண்டக்டர் மெதுவாக, "ஒரு அடி கூட நகரலை."

ஆப்பரேட்டரம்மா மெக்கானிக்கைப் பார்த்தார். "பேச்சு ஏன் நின்னுது?"

"நின்னுது, அவ்வளவுதான்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்; கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. "இருபது வருஷப் பழக்கம்மா. ஒண்ணரை மாசம் முன்னாடி கடைத்தெருவுல முன்னால போய்க்கிட்டிருந்தார். மாப்ளேன்னு கூப்பிட்டேன். திரும்பலை. பத்தடி பின்னாலயே ஓடி மறுபடி கூப்பிட்டேன். கடைக்காரனெல்லாம் திரும்பிப் பாக்கறான், இவர் பாக்கலை. எனக்கும் மானம் இருக்கில்ல? அதோட விட்டுட்டேன்."

ஆப்பரேட்டரம்மா குறிப்பேட்டைத் திறந்தார். ஒரு வரி எழுதினார். கண்டக்டர் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார்.

*

"ஒளிச்சு ஒளிச்சு எழுதறீங்களே, என்ன மேடம் அது?"

"நிச்சயமானதும் சொல்றேன். முதல்ல இதைப் பாருங்க."

ஆபீஸ் மேசையில் ஒரு காகிதம். நாற்பத்தோரு மெசேஜும் வந்த நேரம் வரிசையாக எழுதியிருந்தது. பெரும்பாலும் மாலை ஆறு நாற்பது, ஆறு நாற்பத்தைந்து. மூன்றை மட்டும் ஆப்பரேட்டரம்மா வட்டமிட்டிருந்தார். ஒரு நாள் எட்டு இருபத்தைந்து. ஒரு நாள் மத்தியானம் மூன்று பத்து. ஒரு நாள் ஒன்று ஐந்து.

கண்ணாடிக்கடைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டார்.

"இந்த மூணு நாளும் என்னம்மா நடந்துது? யோசிச்சுச் சொல்லு."

"எட்டு இருபத்தஞ்சு... அன்னிக்குக் கடையில ஸ்டாக் எடுத்தோம். லேட்டாயிடுச்சு. மூணு பத்து, எனக்குக் காய்ச்சல்னு சீக்கிரம் கிளம்பினேன். ஒண்ணு அஞ்சு... அன்னிக்குக் கரண்ட் இல்ல. மத்தியானமே கடையைச் சாத்திட்டாங்க." அவள் நிறுத்தினாள். "மேடம், நான் கடையை விட்டுக் கிளம்பற நேரம் இது."

"கிளம்பி எவ்வளவு நேரத்துல மெசேஜ் வரும்?"

"நான் பஸ் ஸ்டாப் போய்ச் சேர்றதுக்குள்ள. நான் யாருகிட்டயும் சொல்லலையே மேடம். காய்ச்சல்னு அப்பாகிட்டக்கூடச் சொல்லலை."

கண்டக்டர் எழுந்து வந்து அந்த மூன்று வட்டத்தையும் பார்த்தார். போனை வைத்ததும்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணை யாரோ பாத்துக்கிட்டிருக்கான் மேடம். அப்பனைப் பிடிச்சு வெச்சிருக்கறவனாத்தான் இருக்கணும்."

"அந்தக் கடைக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"எதிர்ல..." முப்பது வருடம் ஊரைச் சுற்றியவர் கண்ணை மூடித் தெருவை ஓட்டிப் பார்த்தார். "பேங்கு. பக்கத்துல துணிக்கடை. அதுக்குப் பக்கத்துல நாலு மாடி..." கண்ணைத் திறந்தார். "கார் பார்க்கிங்!"

"நிக்கற வண்டி எங்க நிக்கும் கண்டக்டர்?"

*

அடுத்த நாள் காலை பதினொன்று இருபதுக்குக் கண்ணாடிக்கடைப் பெண் கடையிலிருந்து வெளியே வந்தாள். காரணம் கேட்காமல், கைப்பையை மாட்டிக்கொண்டு, எப்போதும்போல பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க வேண்டும். அவளிடம் சொல்லியிருந்தது அவ்வளவுதான். நடந்தாள். பத்தடிக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு நடந்தாள்.

கார் பார்க்கிங்கின் இரண்டாவது மாடியில், படிக்கட்டு ஓரமாக, ஆப்பரேட்டரம்மாவும் கண்டக்டரும் நின்றிருந்தார்கள். கண்டக்டர் கையில் குடை.

"மழை இல்லையே" என்றார் ஆப்பரேட்டரம்மா.

"வெயிலுக்கும் ஆகும், வில்லனுக்கும் ஆகும்."

கான்கிரீட் தூண்கள். தூண்களுக்கு நடுவே வரிசையாக யாருமில்லாத கார்கள். சுவர்கள் இடுப்பளவுதான், அதற்கு மேலே வெளிச்சமும் காற்றும். கீழே தெருவில் அத்தனை ஜனம் நடந்துகொண்டிருக்க, இங்கே ஒரு மனிதக் குரல் இல்லை. ஒரு நாள் முழுக்க இங்கே நின்றாலும் யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள் என்று ஆப்பரேட்டரம்மாவுக்குத் தோன்றியது.

பதினொன்று இருபத்து நாலு. மேலே, மூன்றாவது மாடியில், ஒரு எஞ்சின் ஸ்டார்ட் ஆயிற்று.

இருவரும் அசையாமல் நின்றார்கள். எஞ்சின் ஓடியது. 'க்ளிக்' அவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஆனால் அடுத்த கணம் அது எட்டியது.

டொக்... டொக்... டொக்...

கண்டக்டர் குடையைக் கத்திபோலப் பிடித்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினார். ஆப்பரேட்டரம்மா பின்னால் மூச்சு வாங்க ஏறினார். மூன்றாவது மாடியின் கடைசித் தூணோரம், தெருவைப் பார்த்தபடி ஒரு சாம்பல் நிறக் கார். அதன் பானெட் கண்ணாடிபோல் துடைத்திருந்தது. பக்கத்தில் இரண்டு வாளி, கயிற்றில் காயும் துணிகள். பின்சீட்டில் மடித்து வைத்த போர்வை, ஹேங்கரில் இரண்டு சட்டை. டிரைவர் சீட்டில் ஒரு ஆள், தனியாக. போனை வாயருகே பிடித்திருந்தார். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தும் குரல் வெளியே கேட்டது. அவ்வளவு உரக்கப் பேசினார்.

"என்னம்மா, இந்நேரத்துக்கே கிளம்பி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். போனில் எதையோ அழித்தார். தொண்டையைச் செருமினார். மறுபடி ஆரம்பித்தார். "சாப்பிட்டியாம்மா? நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். வண்டி பட்டு மாதிரி..."

"டேய்!" கண்டக்டர் தூணில் குடையை ஓங்கி அடித்தார். "அசையாதே! கையைத் தூக்கு!"

நூறு பயணிகளை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளிய குரல் அது. கான்கிரீட்டில் மோதி நான்கு பக்கமும் எதிரொலித்தது. கூரை இடுக்கிலிருந்த புறாக்கள் படபடவென்று கிளம்பிப் பறந்தன. கீழ்மாடியில் ஏதோ ஒரு கார் அலாரம் அலற ஆரம்பித்தது.

காரிலிருந்தவர் திரும்பவே இல்லை.

"...ஓடுது. உடம்பைப் பாத்துக்கம்மா" என்று முடித்துவிட்டு, தெருவில் தூரத்தில் பஸ் ஸ்டாப்பைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க மேடம்! காதே கேக்காத மாதிரி..."

"கேக்காது கண்டக்டர்" என்றார் ஆப்பரேட்டரம்மா. குறிப்பேட்டைத் திறந்து அந்த ஒரு வரியைக் காட்டினார். *மாப்ளே என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.*

கண்டக்டரின் குடை தானாகத் தரையைத் தொட்டது.

"பொண்ணு டைப் பண்ணின எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லியிருக்கார். குரல்ல கேட்ட ஒண்ணுக்குக்கூட இல்ல. கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கேன்னு ஒரு நாள் வாய்ஸ் அனுப்பியிருக்கா. 'நல்லா சாப்பிடு'ங்கறார். அடுத்த நாள் அதையே டைப் பண்ணினா. 'பீரோ மேல் தட்டு, சிவப்பு பைல்'னு உடனே வருது. கூப்பிட்டா எடுக்கறதில்ல. இவ்வளவு உரக்கப் பேசறார். ஹேர்பின் சத்தத்துக்கு டேஷ்போர்டையே பிரிச்ச மனுஷன், எஞ்சினே தட்டறப்போ ஒரு சத்தமும் இல்லங்கறார்." ஆப்பரேட்டரம்மா காரைப் பார்த்தார். "அவர் பொய் சொல்லலை. அவருக்கு நிஜமாவே ஒரு சத்தமும் இல்ல."

கண்டக்டர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "நான் போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வரேன்" என்று இறங்கிப் போனார்.

*

தூணோரம் நின்ற ஆப்பரேட்டரம்மாவைக் காரிலிருந்தவர் பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது திடுக்கிட்டுக் கதவைத் திறந்தார். ஆப்பரேட்டரம்மா குறிப்பேட்டில் எழுதி நீட்டினார். *உங்கள் மகள் அனுப்பித்தான் வந்தோம். இப்போது மேலே வருகிறாள்.*

கையை நீட்டித் தள்ளிப் பிடித்து அதைப் படித்தார். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"கண்டுபிடிச்சிட்டாளா?" என்றார் உரக்க. தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை. "வலது காது முன்னாடியே மந்தம். ஒருநாள் காலையில எந்திரிச்சேன், இடதும் போயிடுச்சு. ஊரே வாயை மட்டும் அசைக்குது. மாத்திரை சாப்பிடுங்க, ரெண்டு மாசம் பாப்போம்னார் டாக்டர். திரும்பி வந்துடும், வந்ததும் வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்தேன். இங்கே கார் துடைக்கற வேலை. இதுக்குக் காது எதுக்கு?"

*ஏன் சொல்லவில்லை?*

"அவ அம்மா படுத்தப்போ ஒரு வருஷம் வேலையை விட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்தா. இப்பதாம்மா மறுபடி வேலைக்குப் போறா, நாலு பேரோட சிரிக்கறா. மேலேருந்து பாக்கறேன்ல, தெரியும். என்னால மறுபடி அவளை உக்கார வெக்கச் சொல்றீங்களா?" ஸ்டியரிங்கைத் தடவினார். "தினம் அவ போறதைப் பாத்துட்டு எஞ்சினைப் போடுவேன். அவளுக்கு ஓட்டற மாதிரி இருக்கும். எனக்கும், ஏதாவது கேக்குதான்னு பாத்த மாதிரி இருக்கும்."

*ஏதாவது கேட்டதா?*

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

படிக்கட்டில் காலடிச் சத்தம். கண்ணாடிக்கடைப் பெண் ஓடிவந்து, பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். துணி காயும் கயிற்றைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். இடுப்புச் சுவருக்கு அப்பால் பளிச்சென்று தெரிந்த தன் கடை வாசலைப் பார்த்தாள். வழியிலேயே கண்டக்டர் எல்லாம் சொல்லியிருந்தார்.

"ஆறு வாரமா!" என்று கத்தினாள். "இங்கேயாப்பா? எதிர்லயேவா? நான் யாரோவா உங்களுக்கு?"

அவர் அவள் வாயசைவைப் பார்த்து ஏதோ புரிந்து தலைகுனிந்தார். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, போனை எடுத்து, கண்ணீர் திரையில் விழ விழத் துடைத்துத் துடைத்து டைப் செய்தாள். அவர் படித்தார்.

*வீட்டுக்குப் போலாம்பா. நான் வேலையை விடமாட்டேன். சத்தியம்.*

"நெஜமாவா?"

அவள் தலையாட்டினாள். அப்போது கம்ப்ரஸர் பிடித்தது. டொக்... டொக்... அவள் கண் தன்னையறியாமல் பானெட் பக்கம் போனது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன? சத்தமா? நிஜமாவே வருதா?"

*ஆறு வாரமா வருது.*

"ஆறு வாரமா? இந்தச் சத்தத்தையா உனக்கு தினம் அனுப்பிக்கிட்டிருந்தேன்?" வெட்கத்தில் அவர் முகம் சிவந்தது. காது போனதைச் சொன்னபோதுகூட இப்படி ஆகவில்லை. "இந்த வண்டியை இப்படியே எடுத்துக்கிட்டுத் தெருவுல போறதா? முடியாதும்மா. இறங்கு, இறங்கு."

பானெட்டைத் திறந்து சட்டைக் கையை மடித்தார். முன்னால் குனிந்து, பழக்கத்தில் காதைக் கொண்டுபோனார். பாதியில் நிமிர்ந்தார். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

"நீ பின்னால நில்லு" என்றார் மகளிடம். "சத்தம் வரும்போது என் தோள்ல தட்டு. அது எப்படி வருதோ அப்படியே தட்டு. நின்னா நிறுத்திடு."

அவள் அவர் தோளில் விரலை வைத்தாள். டொக்... டொக்... டொக்... விரல் தட்டியது. அவர் உள்ளங்கையை எஞ்சின் மேல் மூடியில் வைத்தார். "இது இல்ல." பெல்ட் பக்கத்துத் தாங்கியில் வைத்தார். "இதுவும் இல்ல." விரல் நின்றது. காத்திருந்தார். இருபது விநாடி கழித்து விரல் மறுபடி தட்ட ஆரம்பித்தது. "ஏசியா!" என்றார் பளிச்சென்று. உள்ளங்கை எஞ்சினின் பக்கவாட்டில் இறங்கி, அதை வண்டியோடு பிணைக்கும் இடத்தில் போய் நின்றது. தோளில் விரல் தட்டுகிற அதே தாளத்தில் அங்கே இரும்பு அவர் கையைத் தட்டியது.

ஜாக்கியின் இரும்புக் கம்பியை எடுத்து, எஞ்சினுக்குக் கீழே கொடுத்து, லேசாக நெம்பினார். விரல் சட்டென்று நின்றது. கம்பியைத் தளர்த்தினார். விரல் தட்டியது. நெம்பினார். நின்றது.

"புடிச்சேன்!" என்றார் அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி. "மவுண்ட்டு! எஞ்சினைத் தாங்கற ரப்பர் கிழிஞ்சிருக்கு. ஏசி இழுக்கும்போது எஞ்சின் சாயுது, இரும்பும் இரும்பும் மோதுது!"

படிக்கட்டருகே கண்டக்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "ஆமாங்க, மவுண்ட் ரப்பர் ஒண்ணு எடுத்துக்கிட்டு உடனே வாங்க. அட, கோவமெல்லாம் இல்லைங்க அவருக்கு. காதுதாங்க இல்ல." எதிர்முனையில் என்ன கேட்டதோ, கண்டக்டர் வெகுநேரம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பையில் போட்டு, "வராராம். பாதி வழியிலேயே அழுதுடுவார் போலிருக்கு" என்றார்.

"வாங்க, போகலாம்" என்றார் ஆப்பரேட்டரம்மா. ஆனால் படியில் கால் வைத்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவர் இன்னும் கம்பியை நெம்பிப் பிடித்திருந்தார். எஞ்சின் சீராக ஓடியது; தட்டல் இல்லை. மகளின் விரல் மட்டும் அவர் தோளில் மறுபடி தட்ட ஆரம்பித்திருந்தது.

அவர் குழம்பித் திரும்பினார். "இன்னும் வருதா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். தட்டுவதை நிறுத்தவில்லை.